காளவாயில் எழுந்த பாட்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இறைவனுக்கு இசையால் சொல்லும் நன்றி நிறைவு பெறுவது இன்பத்திலா, துன்பத்திலா என்பது தலைப்பு. துன்பத்தில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கேலியை வீசிவிட்டு அமர்ந்தார். நீங்களும் கை தட்டினீர்கள். "துன்பத்தில் பாடுகிறவன் நன்றி சொல்லவில்லை, கடவுளிடம் மனுக் கொடுக்கிறான். அப்பரே வயிற்றுவலி தாங்காமல்தானே பாடினார்?" என்றார். இதற்குப் பதில் சொல்லாமல் என்னால் நகர முடியாது.

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. சூலை நோய் குடலை முறுக்க, திருவதிகையில் "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்று அவர் பாடிய முதல் பதிகம் மனுதான். வலித்தவர் கதறினார். ஆனால் நீங்கள் திருவதிகையோடு பெரிய புராணத்தை மூடி வைத்துவிட்டீர்களே! அடுத்து என்ன நடந்தது?

பல்லவ மன்னன் அவரைப் பிடித்துவரச் செய்து நீற்றறையில் தள்ளினான். நீற்றறை என்றால் சுண்ணாம்புக் காளவாய். கல்லையே நீறாக்கும் சூடு. கதவை அடைத்துக் காவலும் வைத்தார்கள். ஏழு நாட்கள் என்கிறார் சேக்கிழார். அதற்குள் இருந்துகொண்டு அந்த மனிதர் பாடுகிறார்: "மாசில் வீணையும் மாலை மதியமும், வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்..." சுற்றிலும் அனல், வாயில் தென்றல்! மூச்சு விட்டால் நெஞ்சு வேகும் இடத்தில் அவருக்கு வீணை கேட்கிறது, நிலவு தெரிகிறது, வண்டு மொய்க்கும் பொய்கை குளிர்கிறது. மறுபடியும் சொல்கிறேன், இது ஆற்றங்கரையில் பாடியதில்லை, காளவாய்க்குள் பாடியது!

எதிரணியினரே, அந்தப் பதிகத்தின் பத்துப் பாட்டையும் எடுத்துப் பாருங்கள். 'கதவைத் திற' என்று ஒரு வரி உண்டா? 'சூட்டைத் தணி' என்று ஒரு சொல் உண்டா? ஏழாம் பாட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? "வாழ்த்த வாயும் நினைக்க மடநெஞ்சும் தாழ்த்தச் சென்னியும் தந்த தலைவனை." வாய் தந்தாய், நெஞ்சு தந்தாய், தலை தந்தாய் என்கிறார். எந்தத் தலை? அடுத்த நாள் இருக்குமா என்று தெரியாத தலை! நெடுங்காலம் மலர் தூவித் துதிக்காமல் போனேனே என்றுதான் அவருக்கு வருத்தம். நெருப்பைப் பற்றி வருத்தமே இல்லை. பத்தாம் பாட்டில் இறைவனையே "விறகில் தீயினன்" என்கிறார். தன்னைச் சுடவேண்டிய தீயிலும் அவனையே கண்டவர் எந்த மனுவை எழுதுவார், யாரிடம் நீட்டுவார்?

இன்பத்தில் பாடுவதை நான் குறைத்துப் பேசவில்லை. கல்யாண வீட்டில் எவரும் பாடுவார்.

என் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் காலமானார். எங்கள் ஊர்ச் சைவ வீடுகளின் வழக்கப்படி முற்றத்தில் உரலை வைத்துச் சுண்ணம் என்ற நறுமணப் பொடியை இடித்தார்கள். உலக்கையை மாமா பிடித்தார். திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம் தொடங்கியது. "முத்துநல் தாமம்பூ மாலை தூக்கி..." முத்துமாலை தொங்கவிடுங்கள், முளைப்பாலிகை வையுங்கள், தூபமும் தீபமும் ஏற்றுங்கள் என்கிற பாட்டு. தில்லையில் மாணிக்கவாசகர் இறைவன் நீராடுவதற்காகப் பாடிய கொண்டாட்டப் பாட்டு. அதைச் செத்த வீட்டில் பாடுகிறோம்!

அதுவரை தலைமாட்டில் விழுந்து அழுத என் அம்மா நிமிர்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "பொற்சுண்ணம் இடித்தும் நாமே" என்று வந்த இடத்தில் அவர் குரலும் சேர்ந்தது. தொண்டை கட்டியிருந்தது, சுருதி சேரவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் உலக்கை விழ விழ, அம்மாவின் குரல் உரக்க எழுந்தது.

ஐயா, என் அம்மா என்ன மனுக் கொடுத்தார்? கேட்க என்ன மிச்சம் இருந்தது? பெற்றவள் கிடந்தாள், எழுந்து வரப்போவதில்லை. இத்தனை காலம் இவளை எனக்குத் தந்தாயே என்பதைத் தவிர அந்தக் குரலில் வேறு எதுவும் இல்லை.

நடுவர் அவர்களே, அந்த முற்றத்தில் நான் நின்றேன். அது நன்றியில்லை என்று இந்த மேடையில் எவர் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். வணக்கம்.