ஆடியில வாங்கி மார்கழியில வந்த படகு

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி தெரியுதுல்ல, குடில் வேலை பாதியில நிக்குது. வைக்கோல் வந்திருச்சு, தட்டுல போட்ட கேப்பையும் முளைச்சிருச்சு. ஆட்டுக்குட்டி பொம்மையைத் தேடிப் பரண்ல ஏறுனேன், இது கிடைச்சுது. கிட்ட காட்டுறேன் பாருங்க.

தகரப் படகு. என் உள்ளங்கை நீளம்தான். பச்சைப் பெயிண்ட் உரிஞ்சு, ஓரமெல்லாம் துரு. திருப்பிப் பாத்தா பின்பக்கம் சின்னதா ரெண்டு குழாய்.

எங்க வீட்டுல கிறிஸ்மஸ் பரிசுன்னா புதுத்துணிதான். பாவாடை சட்டைக்கு டெய்லர் கடைக்கு நடையா நடந்து, 24ஆம் தேதி ராத்திரிதான் கைக்கு வரும். ஒரு வருஷம் ஆச்சி ஹீரோ பேனா குடுத்தாங்க, தங்க நிற மூடி போட்டது. அதெல்லாம் பிடிக்கும். ஆனா இந்தப் படகு வேற.

1988. எனக்கு எட்டு வயசு. அப்பா தூத்துக்குடித் துறைமுகத்துல தோணியில வேலை பாத்தாங்க. இங்க இருந்து காய்கறி, வீடு கட்டுற சாமான்லாம் ஏத்திக்கிட்டு மாலத்தீவு போற தோணி. டிசம்பர்ல அவங்க கடல்லதான் இருப்பாங்க. எனக்கு விவரம் தெரிஞ்சு அதுவரைக்கும் ஒரு கிறிஸ்மஸுக்குக்கூட அப்பா வீட்டுல இருந்ததில்ல.

அன்னைக்கு நடுராத்திரி பூசை முடிஞ்சு வந்து படுக்கப் போறேன், தலகாணிக்கு அடியில பேப்பர்ல சுத்தி, சணல் கட்டி ஒரு பொட்டலம். மேல அப்பா கையெழுத்துல என் பேரு. அப்பா மாலேயில இருக்காங்க, இது எப்படி வந்துச்சு? அம்மா வாயே திறக்கல. மறுநாள் மக்ரூன் டப்பாவை எடுத்து வைக்கும்போதுதான் சொன்னாங்க.

ஆனி, ஆடி காத்துக் காலம். தோணி ஓடாது, அப்பா வீட்டுல இருப்பாங்க. பனிமய மாதா கோயில் திருவிழாவும் அப்பதான், ஜூலை 26 கொடியேறி ஆகஸ்ட் 5 வரைக்கும். அந்தத் திருவிழாக் கடையில வாங்கி, பேரு எழுதி, அம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிருக்காங்க. ஏறக்குறைய அஞ்சு மாசம் அரிசிப் பானைக்குப் பின்னாடியே இருந்திருக்கு. நான் தினமும் அந்தப் பானையில இருந்துதான் அரிசி எடுத்துக் குடுப்பேன்!

சரி, ஓட்டிப் பாப்போமா? இந்தா, தாம்பாளத்துல தண்ணி இருக்கு. முதல்ல குழாயில தண்ணி நிரப்பணும். இப்படித் தலைகீழாப் பிடிச்சு, ஒரு குழாயில ஊத்துனா இன்னொண்ணுல வழியும். வழிஞ்சிருச்சு. விரலால ரெண்டையும் அடைச்சு, மெதுவாத் தண்ணியில வைக்கணும். இந்தக் குட்டித் தகரக் கரண்டியில தேங்காய் எண்ணெய், பஞ்சுத் திரி. பத்த வச்சு உள்ள தள்ளுறேன்.

சூடாகுற வரைக்கும் சொல்றேன். உள்ள இருக்குற தண்ணி ஆவியாகி, குழாயில இருக்குற தண்ணியைப் பின்னால தள்ளும். ஆவி குளுந்ததும் திரும்ப உறிஞ்சும். தள்ளுறதும் உறிஞ்சுறதும் சமம்தானே, அப்புறம் ஏன் முன்னால போகுதுன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். விளக்கை ஊதி அணைக்கலாம், அதே தூரத்துல இருந்து மூச்சை இழுத்து அணைக்க முடியுமா? ஊதுறப்ப காத்து ஒரே நேர்கோட்டுல போகுது, இழுக்குறப்ப நாலா பக்கத்துல இருந்தும் வருது. தண்ணியும் அப்படித்தான். 1891லயே இங்கிலாந்துல தாமஸ் பியோங்கிறவர் இந்த மாதிரிப் படகுக்குக் காப்புரிமை வாங்கியிருக்காரு.

மேல இருக்குற மெல்லிசுத் தகடு ஆவி தள்ளத் தள்ள உள்ளயும் வெளியயும் துடிக்கும். சத்தம் அதுல இருந்துதான்...

இருங்க. இருங்க, கேக்குதா? டப், டப், டப்... நகருது! முப்பது வருஷத்துக்கு மேலாச்சு, அதே சத்தம், அதே எண்ணெய் வாசனை.

அப்பா! அப்பா, கொஞ்சம் இங்க வாங்களேன். ஓடுதுப்பா!