செய்தி எதுவும் இல்லாத ஏப்ரல் 18

[திரை: கறுப்பு. பழைய வால்வு ரேடியோவின் மஞ்சள் வெளிச்சம் மட்டும்.]

1930, ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. லண்டன்ல ராத்திரி எட்டே முக்கால். பிபிசி ரேடியோல செய்தி நேரம். அறிவிப்பாளர் வர்றார். இன்னிக்கு புனித வெள்ளி, செய்தி எதுவும் இல்லைன்னு சொல்றார். அவ்வளவுதான். மிச்ச நேரத்துக்கு பியானோ.

[ஒலி: பியானோ. ஐந்து விநாடி. பேச்சு வேண்டாம்.]

அப்போ பிபிசிக்குன்னு பெரிய நிருபர் படை எல்லாம் கிடையாது. ராய்ட்டர்ஸ் மாதிரி ஏஜென்சிகள் அனுப்புறதைத்தான் வாசிப்பாங்க. புனித வெள்ளின்னா ஆபீஸும் லீவு, பேப்பரும் வராது. அதனால கையில ஒண்ணும் இல்ல, இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஒரு வகையில நேர்மைதான்.

இந்தக் கதையை வருஷா வருஷம் யாராவது வாட்ஸப்ல அனுப்புவாங்க. "ஆஹா, அந்தக் காலம் எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கு பாருங்க"ன்னு கூடவே ஒரு வரி இருக்கும். எனக்கு அந்த வரியோட ஒரு சண்டை இருக்கு. அதைக் கடைசில போடுறேன். முதல்ல இந்தத் தேதியைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன். ஏப்ரல் 18க்கு ஏதோ ராசி இருக்குன்னு ஜாதகம் எழுத வரல. எந்தத் தேதியைத் தோண்டினாலும் இப்படி நாலு கிடைக்கும். ஆனா இந்தத் தேதில கிடைக்கிற நிறைய விஷயம் "செய்தி"யைப் பத்தினதாவே இருக்கு. அது யாரைத் தேடிப் போச்சு, யாருக்குப் போகல, யார் மறைச்சாங்க.

[திரை: இரவு. ஒரு தேவாலயக் கோபுரத்தில் இரண்டு லாந்தர் விளக்குகள்.]

1775, அமெரிக்கா, பாஸ்டன். பிரிட்டிஷ் படை ராத்திரியோட ராத்திரியா கிளம்பி, கான்கார்டுங்கிற ஊர்ல பதுக்கி வச்சிருக்கிற ஆயுதங்களைப் பிடிக்கப் போகுது. இதைச் சொல்ல ஒரு தேவாலயக் கோபுரத்துல விளக்கு. படை தரை வழியா வந்தா ஒண்ணு, தண்ணியைக் கடந்து வந்தா ரெண்டு. அன்னிக்கு ரெண்டு எரிஞ்சது. பால் ரெவியர்னு ஒரு வெள்ளி வேலைக்காரர் குதிரையில ஊர் ஊரா எழுப்பிக்கிட்டே போனார்.

அமெரிக்காவுல சின்னப் பிள்ளைக்கும் இவர் பேர் தெரியும். ஆனா இவர் கான்கார்டுக்குப் போய்ச் சேரவே இல்ல. வழியில பிரிட்டிஷ் ரோந்துப்படை பிடிச்சு, குதிரையையும் பிடுங்கிக்கிச்சு. கான்கார்டு வரைக்கும் சேதி கொண்டுபோனவர் சாமுவேல் பிரெஸ்காட்னு ஒரு டாக்டர். சுமார் 85 வருஷம் கழிச்சு ஒரு கவிஞர் ரெவியரை மட்டும் வச்சுப் பாட்டெழுதினார். டாக்டர் காணாமப் போயிட்டார்.

[திரை: புகை மூட்டத்தில் நகரம். மூலையில் "5:12".]

1906, சான் பிரான்சிஸ்கோ. விடியக்காலை 5:12. நிலநடுக்கம், கிட்டத்தட்ட 7.9 அளவு. அதுக்கப்புறம் மூணு நாளா தீ. 4 லட்சம் பேர் இருந்த ஊர்ல பாதிக்கு மேல வீடில்லாம நின்னாங்க.

இங்கதான் கணக்கு வேலை ஆரம்பிக்குது. நிலநடுக்கம்னு ஊர் பேர் கெட்டா நாளைக்கு யார் வந்து பணம் போடுவாங்க? அதோட, இன்சூரன்ஸ் பொதுவா தீக்குத்தான் இருந்தது, நடுக்கத்துக்கு இல்ல. அதனால ஊர்ப் பெரியவங்க இதைப் "பெரும் தீ"ன்னே பேசினாங்க. செத்தவங்க 375 பேர்னு ரொம்ப காலம் ஒரு எண்ணிக்கை ஓடிச்சு. பின்னாடி ஆய்வாளர்கள் உக்காந்து எண்ணினப்போ 3,000ஐத் தாண்டிச்சு. சைனாடவுன்ல செத்தவங்க அந்தப் பழைய எண்ணிக்கைக்குள்ள பெரும்பாலும் வரவே இல்ல.

ஆனா அந்தச் சீனர்களுக்கு வேற ஒரு கதவு திறந்துச்சு. தீயில ஊரோட பிறப்புப் பதிவேடு எல்லாம் சாம்பல். 1882லேருந்து சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள்ள வரத் தடை. ஆனா அமெரிக்காவுல பிறந்தவர்னா குடிமகன். பதிவேடே இல்லாதப்போ, "நான் இங்கதான் பிறந்தேன்"னு ஒருத்தர் சொன்னா இல்லைன்னு எப்படி நிரூபிப்பாங்க? அப்படிக் குடிமக்கள் ஆனவங்க, சீனாவுல தங்களுக்கு இத்தனை பிள்ளைங்கன்னு எழுதி வச்சு, அந்த இடத்தை மத்தவங்களுக்குக் கொடுத்தாங்க, வித்தாங்க. "காகிதப் பிள்ளைகள்"னு அவங்களுக்குப் பேர்.

[திரை: ஒரு தீவு, மரக் கட்டடம், நீண்ட பெஞ்சு.]

அதிகாரிகள் சும்மா விடுவாங்களா? ஏஞ்சல் தீவுல நிறுத்தி வச்சுக் கேள்வி கேட்டாங்க. உங்க வீட்டுக்கு எத்தனை படி? கிணறு எந்தப் பக்கம்? பக்கத்து வீட்டுக்காரர் பேரு? வந்தவங்க கப்பல்லயே பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தாங்க. நிஜமான பிள்ளைங்களே பதில் தப்பாகி மாட்டிக்குவாங்க. நம்ம வீட்டுப் படி எத்தனைன்னு எனக்கே இப்போ எழுந்துபோய் எண்ணினாத்தான் தெரியும்.

[திரை: கடல். கப்பல் தளத்திலிருந்து குண்டுவீச்சு விமானம் எழும்புகிறது.]

1942. அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கி நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. டூலிட்டில்ங்கிற அமெரிக்க ராணுவ விமானி தலைமையில 16 விமானம், 80 பேர், ஹார்னெட் கப்பல்லேருந்து கிளம்பி ஜப்பான் மேல குண்டு போட்டாங்க. இந்த மாதிரி கனமான விமானம் கப்பல்லேருந்து ஏறலாம், திரும்பி வந்து இறங்க முடியாது. அதனால குண்டைப் போட்டுட்டு அப்படியே சீனாவுக்குப் போறதுதான் திட்டம். 15 விமானம் சீனப் பக்கம் எரிபொருள் தீர்ந்து விழுந்துச்சு, ஒண்ணு ரஷ்யாவுல இறங்கிச்சு. டூலிட்டில் பாராசூட்ல குதிச்சு விழுந்த இடம், வயலுக்குன்னு சேர்த்து வச்சிருந்த சாணி உரம். எல்லா விமானமும் போச்சு, கோர்ட் மார்ஷல்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தவருக்கு நாட்டோட உயர்ந்த பதக்கமே கிடைச்சது.

விமானம் எங்கேருந்து வந்துச்சுன்னு நிருபர்கள் கேட்டப்போ, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் "ஷாங்ரி-லா"ன்னு ஒரு கற்பனை ஊர் பேரைச் சொன்னார். அப்புறம் ஒரு போர்க்கப்பலுக்கே அந்தப் பேரை வச்சாங்க. சிரிப்பு இதோட முடிஞ்சுது. விமானிகளைக் காப்பாத்தின சீன ஊர்களை ஜப்பான் படை பழிவாங்கினதுல இரண்டரை லட்சம் பேர் வரைக்கும் செத்தாங்கன்னு ஒரு மதிப்பீடு.

சரியா ஒரு வருஷம். 1943, அதே ஏப்ரல் 18. பேர்ல் ஹார்பர் தாக்குதலைத் திட்டமிட்ட ஜப்பான் அட்மிரல் யமமோட்டோ, பசிபிக் கடல்ல இருக்கிற பூகன்வில் தீவுப் பக்கம் படைகளைப் பார்க்கப் போறார். எத்தனை மணிக்குக் கிளம்புவார், எப்போ இறங்குவார்னு நிமிஷக் கணக்கோட ரகசியத் தந்தி போகுது. அமெரிக்கா அந்தச் சங்கேதத்தை உடைச்சுப் படிச்சிடுச்சு. மனுஷன் நேரம் தவறாதவர். குவாடல்கனால் தீவுலேருந்து வந்த அமெரிக்க விமானங்கள் போய்ச் சேர்ந்த நேரத்துக்குச் சரியா இவர் விமானமும் வந்துச்சு. சுட்டாங்க. விழுந்துச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் மௌனம். ஜப்பான், சொன்னா மக்கள் மனசு உடையும்னு வாய் திறக்கல. அமெரிக்கா, சொன்னா சங்கேதத்தை உடைச்ச விஷயம் வெளிய வந்துடும்னு திறக்கல. ஜப்பான் மக்களுக்கு விஷயம் தெரிஞ்சது மே 21.

[திரை: பாண்டுங் மண்டபம், 29 கொடிகள்.]

1955. இந்தோனேசியாவுல பாண்டுங். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29, வெள்ளைக்கார நாடு எதுவும் நடுவுல இல்லாம, முதல் தடவையா ஒண்ணா உக்காருது. நேரு, சீனாவிலேருந்து சௌ என்லாய், எகிப்திலேருந்து நாசர், இலங்கையிலேருந்து கொத்தலாவல. திறந்து வச்சுப் பேசின இந்தோனேசிய ஜனாதிபதி சுகர்னோ, இன்னிக்கு என்ன தேதின்னு ஞாபகப்படுத்தினார்: 180 வருஷம் முன்னாடி இதே நாள்தான் பால் ரெவியர் குதிரை ஏறினார், காலனி ஆட்சிக்கு எதிரா ஜெயிச்ச முதல் போர் அதுதான்னார். கூட்டத்தைச் சந்தேகத்தோட பார்த்துக்கிட்டிருந்த அமெரிக்காவுக்கு அவங்க கதையையே எடுத்து நீட்டினார். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

அந்த முதல் நாள் கூட்டம் தொடங்கின சில மணி நேரத்துல, உலகத்தோட மறுபக்கம் பிரின்ஸ்டன் ஆஸ்பத்திரியில ஐன்ஸ்டைன் இறந்துபோறார். கடைசியா ஏதோ சொன்னார். ஜெர்மன்ல சொன்னார். பக்கத்துல இருந்த நர்ஸுக்கு ஜெர்மன் தெரியாது.

[திரை: வேகமாக மாறும் கிரிக்கெட் ஸ்கோர்போர்டுகள்.]

கிரிக்கெட் பார்க்கிறவங்க "எங்க தேதியாச்சே"ன்னு இந்நேரம் கமெண்ட் போட்டிருப்பீங்க. ஆமா. 1986 ஷார்ஜா, கடைசிப் பந்து, நாலு ரன் வேணும், சேத்தன் சர்மா பந்துல மியாந்தாத் சிக்ஸர். 1994 ஆன்டிகுவால லாரா 375. 2008 பெங்களூர்ல ஐபிஎல்லோட முதல் மேட்ச், மெக்கல்லம் 158. போதும். 1986ஐப் பத்தி இதுக்கு மேல பேச எனக்கு மனசு வரல.

[திரை: மறுபடியும் ரேடியோ. பியானோ மெதுவாக.]

இப்போ அந்தச் சண்டைக்கு வர்றேன். 1930.

அந்த "செய்தி இல்லாத" நாள்ல ராஜாஜியும் கிட்டத்தட்ட நூறு தொண்டர்களும் தஞ்சாவூர் ஜில்லாவுல நடந்துகிட்டிருந்தாங்க. ஏப்ரல் 13, சித்திரை ஒண்ணு அன்னிக்குத் திருச்சியில கிளம்பி, உப்பு எடுக்க வேதாரண்யத்துக்கு. இவங்களுக்குச் சோறு போட்டா, இடம் கொடுத்தா தண்டனைன்னு கலெக்டர் தார்ன் உத்தரவு. ஜனங்க என்ன பண்ணாங்க? சோத்துப் பொட்டலத்தைப் போற வழியில மரக்கிளையில கட்டித் தொங்கவிட்டாங்க. மரத்து மேல யார் கேஸ் போடுறது?

அதே ராத்திரி, வங்காளத்துல சிட்டகாங். சூர்யா சென்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எல்லாருக்கும் "மாஸ்டர்தா", அதாவது மாஸ்டர் அண்ணே. கூட அறுபத்துச் சொச்சம் பேர், பாதிப் பேர் மீசை முளைக்காத பையன்கள். 1916ல ஈஸ்டர் சமயத்துல டப்ளின்ல அயர்லாந்துக்காரங்க பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரா கிளம்பினாங்களே, அதை மனசுல வச்சுத்தான் புனித வெள்ளியைத் தேர்ந்தெடுத்தாங்க.

[திரை: சிட்டகாங் வரைபடம். ஒவ்வொரு புள்ளியாக எரிகிறது.]

ராத்திரி சுமார் பத்து மணி. கணேஷ் கோஷ் குழு போலீஸ் ஆயுதக் கிடங்கைப் பிடிச்சது. லோக்நாத் பால் குழு துணைப்படையோட கிடங்கைப் பிடிச்சது. அங்க துப்பாக்கி இருந்தது, தோட்டா கிடைக்கல. இன்னொரு குழு தண்டவாளத்தைப் பெயர்த்துச்சு. அம்பிகா சக்கரவர்த்தி குழு தந்தி, டெலிபோன் ஆபீஸை அடிச்சு நொறுக்கித் தீ வச்சது.

நேரத்தைக் கணக்குப் போடுங்க. சிட்டகாங்ல ராத்திரி பத்துன்னா லண்டன்ல சாயங்காலம். அறிவிப்பாளர் மைக் முன்னாடி வர்றதுக்குச் சில மணி நேரம் முன்னாடியே ஊர் பத்தி எரிஞ்சாச்சு. மாஸ்டர்தா கொடி ஏத்தி, தற்காலிகப் புரட்சி அரசுன்னு அறிவிச்சாச்சு. ஆனா சொல்லத் தந்திக் கம்பி இல்ல. துறைமுகத்துல நின்ன கப்பலோட வயர்லெஸ் மூலமாத்தான் பிற்பாடு கல்கத்தாவுக்கே தகவல் போச்சு. ஆக, அந்த ராத்திரி செய்தி இல்லாமப் போனதுக்கு ஒரு காரணம் லண்டன்ல லீவு. இன்னொரு காரணம் சிட்டகாங்ல இருந்த பசங்க.

அவங்க திட்டத்துல இன்னும் ஒரு இடம் இருந்தது. பஹார்தலியில ஐரோப்பியன் கிளப். ராத்திரி அதிகாரிகள் எல்லாம் அங்கதான் இருப்பாங்கன்னு ஒரு குழு போச்சு. கதவைத் திறந்தா ஆளே இல்ல. புனித வெள்ளியாச்சே, எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. எந்த நாளை ஆசையாத் தேர்ந்தெடுத்தாங்களோ அந்த நாளே காலை வாரிடுச்சு.

அப்புறம் மலைக்கு ஓடினாங்க. நாலு நாள் கழிச்சு ஜலாலாபாத் குன்றுல நடந்த சண்டையில இவங்க பக்கம் 12 பேர் செத்தாங்க. சூர்யா சென் கிட்டத்தட்ட மூணு வருஷம் பிடிபடல. 1934 ஜனவரி 12 அன்னிக்குத் தூக்குல போட்டாங்க.

[திரை: பியானோ நிற்கிறது. ஆண் உடையில் ஓர் இளம்பெண்ணின் நிழல்.]

அதுக்கு முன்னாடி, 1932 செப்டம்பர்ல, அதே பஹார்தலி கிளப்புக்கு அவர் மறுபடி ஆள் அனுப்பினார். தலைமை தாங்கிப் போனது பிரீதிலதா வதேதார்ங்கிற 21 வயசு டீச்சர், ஆம்பிளை வேஷத்துல. இந்தத் தடவை கிளப் காலியா இல்ல.