பால் மில்லில் (ball mill) மஞ்சளாகும் வெள்ளைப் பொடி

வணக்கம் நண்பர்களே. முதலில் இந்த இரண்டு கண்ணாடிப் புட்டிகளையும் பாருங்கள். கேமராவுக்குக் கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். இரண்டிலும் ஒரே மருந்துதான், இண்டோமெத்தாசின். மூட்டுவலிக்கும் கௌட்டுக்கும் பல வருடங்களாகக் கொடுத்துவரும் மருந்து. இடது புட்டியில் வாங்கியபடியே இருக்கிறது, நல்ல வெள்ளை. வலது புட்டியில் இருப்பதைக் குளிரவைத்து பால் மில்லில், அதாவது குண்டுகள் போட்டு அரைக்கும் இயந்திரத்தில், அரைத்தேன். மஞ்சளாக இருக்கிறது, பாருங்கள்.

நிறம் மாறியதைப் பார்த்ததும் மருந்து கெட்டுப்போய்விட்டதோ என்றுதான் நினைத்தேன். கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் ஓட்டிப் பார்த்தேன், புதிதாக ஒரு பீக்கும் (முகடும்) வரவில்லை, அதாவது புதுப் பொருள் எதுவும் உண்டாகவில்லை. மூலக்கூறு அப்படியே இருக்கிறது. மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கியிருந்த ஒழுங்குதான் குலைந்துவிட்டது. படிகமாக இருந்தது படிகமற்ற நிலைக்கு, அதாவது அமார்ஃபஸ் நிலைக்குப் போய்விட்டது. இந்த நிலையில் மருந்து நன்றாகக் கரையும், அதற்காகத்தான் இந்த வேலை.

பால் மில் பொடியை நைசாக்கும் இயந்திரம் என்று படித்துவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நைசாவது முதல் கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகு துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மறுபடி பெரிதாகும். உள்ளே நடக்கும் முக்கியமான மாற்றம் வேறு.

சரி, இது என் ஜார். 50 மில்லி கொள்ளளவு. ஜிர்கோனியா என்ற கடினமான பீங்கான் குண்டுகள் 12 போடுகிறேன், ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர். கையில் எடுத்தால் கனம் தெரியும், ஒரு குண்டு சுமார் 3 கிராம். பொடி 2 கிராம்தான். மருந்து பாதி, பிவிபி கே30 என்ற பாலிமர் பாதி. மூடி இறுக்கிச் சுற்றவிட்டால் குண்டுகள் பொடியை இடித்து, தேய்த்து, நசுக்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இடியிலும் படிகத்துக்குள் குறைகள் சேரும். அவை ஓர் அளவுக்கு மேல் போனால் படிகத்தால் தன் அமைப்பைத் தாங்க முடியாது.

தொடர்ந்து ஓட்டாதீர்கள். 10 நிமிடம் ஓட்டி, 5 நிமிடம் நிறுத்துகிறேன். மிக்சியில் உளுந்து அரைக்கும்போது மாவு சூடாகிறது என்று ஐஸ் தண்ணீர் விடுவோமே, அதே கவலைதான். இங்கே சூடு பொடியின் தலையெழுத்தையே மாற்றிவிடும். இண்டோமெத்தாசினை 4 டிகிரியில் அரைத்தால் அமார்ஃபஸ் ஆகும். 30 டிகிரியில் அரைத்தால் ஆல்ஃபா என்ற இன்னொரு படிக வடிவத்துக்குப் போய்விடும். இதை 1980களிலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

காரணம் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. ஆய்வகத்தில் நாங்கள் டிஜி என்றே சொல்வோம். அமார்ஃபஸ் இண்டோமெத்தாசினுக்கு அது சுமார் 42 டிகிரி. அதற்கு வெகு கீழே மூலக்கூறுகள் உறைந்து கிடக்கும். நெருங்க நெருங்க அசையத் தொடங்கும், அசைந்தால் மறுபடி வரிசையில் போய் உட்காரும். அறை வெப்பத்துக்கும் 42க்கும் நடுவே எத்தனை டிகிரி இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். தனியாக அரைத்த அந்த மஞ்சள் பொடியை நம்பி ஒரு மாத்திரை செய்ய நான் துணியமாட்டேன்.

பாலிமர் தேவைப்படுவது இங்கேதான். காய்ந்த பிவிபி கே30க்கு டிஜி சுமார் 160 டிகிரி. இரண்டும் மூலக்கூறு அளவில் கலந்துவிட்டால் கலவைக்கு ஒரே டிஜிதான் இருக்கும். கலவையின் டிஜியைக் கணக்கிடும் ஃபாக்ஸ் சமன்பாட்டில் கெல்வினாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்: பாதிக்குப் பாதி கலவைக்கு 90 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். டிஜிக்கு 50 டிகிரி கீழே வைத்தால் பாதுகாப்பு என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 42ஐ வைத்துக்கொண்டு அதைச் செய்யவே முடியாது, 90 என்றால் முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. வாங்கும்போது மருந்து இருக்கும் காமா என்ற படிக வடிவத்தில் இரண்டிரண்டு இண்டோமெத்தாசின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஜோடி சேர்ந்திருக்கும். பிவிபியில் இருக்கும் கார்போனைல் என்ற கார்பன்-ஆக்சிஜன் பகுதி அந்த ஜோடியைப் பிரித்து, இண்டோமெத்தாசினின் அமிலப் பகுதியிலுள்ள ஹைட்ரஜனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். லின் டெய்லர், ஜார்ஜ் சோக்ராஃபி என்ற ஆய்வாளர்கள் 1997இல் அகச்சிவப்பு நிறமாலையில் இதைக் காட்டினார்கள். அவர்கள் கரைப்பானை ஆவியாக்கிக் கலவை செய்தார்கள். நாம் கரைப்பானே இல்லாமல், குண்டுகளின் இடியாலேயே செய்கிறோம். எனக்குப் பால் மில்லில் பிடித்ததே அதுதான்.

அப்புறம், சோதனை. எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் படிக ஒழுங்கைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டியில் அரைக்காத மருந்துக்கு 11.6, 19.6, 21.8 டிகிரியில் ஊசி மாதிரி பீக் வரும். அரைத்த கலவையில் அவை போய், அகலமான ஒரு மேடு மட்டும் தெரியும். பலர் அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று ஆய்வுக் குறிப்பேட்டை மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள். மருந்து ஒரு பக்கம், பாலிமர் ஒரு பக்கம் என்று தனித்தனியே அமார்ஃபஸாகக் கிடந்தாலும் அதே மேடுதான் வரும். பொடியைச் சூடாக்கி அது வாங்கும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி போடுங்கள். ஒரு டிஜியா, இரண்டா என்று பாருங்கள். இரண்டு வந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம்.

பாய்வையும் பாருங்கள். இதோ, புட்டியைச் சாய்க்கிறேன். அரைக்காத பிவிபி கொட்டுகிறது. தெளிப்பு முறையில் உலர்த்திய உருண்டைத் துகள்கள், அதனால்தான். அரைத்த கலவையோ சுவரில் அப்பிக்கொண்டு, தட்டினால் கட்டியாக விழுகிறது. மில்லில் அந்த உருண்டைகள் உடைந்து, ஒழுங்கற்ற கட்டிகளாகிவிட்டன. பொடியின் பாய்வைச் சொல்லும் அளவு கார் குறியீடு, அது கூடக்கூடப் பாய்வு மோசம். அது 25ஐத் தாண்டினால் டை, அதாவது மாத்திரை அச்சுக் குழி, நிரப்பும்போது எடை கூடும் குறையும். மருந்து நன்றாகக் கரைகிறது என்ற சந்தோஷம் மாத்திரை எந்திரத்தில் போய் நின்றுவிடும். கரைதிறன் வரைபடத்துக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியாவது இதற்குக் கொடுங்கள்.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மழை நாள். ஜாரைக் குளிரவைத்து அரைத்தேன், ஆவலில் உடனே திறந்துவிட்டேன். உள்சுவரில் பனி படிந்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பொடி பிசுபிசுவென்று பாகு மாதிரி ஆகிவிட்டது. பிவிபி தண்ணீரை உறிஞ்சும், தண்ணீர் டிஜியை வெகுவாக இறக்கிவிடும். காய்ந்த கலவைக்குப் போட்ட அந்த 90 டிகிரி கணக்கு அங்கே செல்லாது. மூன்று மணி நேர அரைப்பு வீணானது. இப்போது ஜார் அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் தொடுவதே இல்லை. திறந்த கையோடு பொடி சிலிக்கா ஜெல் இருக்கும் டெசிகேட்டருக்கு, அதாவது ஈரம் புகாத கலத்துக்கு, போய்விடும்.

இன்றைக்கு இரண்டு புட்டிகளை 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பத அறைக்குள் வைக்கிறேன். ஒன்றில் தனி இண்டோமெத்தாசின், இன்னொன்றில் பிவிபி கலவை, இரண்டும் மூடி திறந்தபடியே. வாரம் ஒரு முறை எடுத்து எக்ஸ்ஆர்டி போடுவேன். படிகத்தின் ஊசி பீக் எதில் முதலில் முளைக்கிறது என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.