டெலிபோன் கம்பியின் மறுமுனை

வணக்கம். கடல் உயிர்களை வரைந்து சம்பாதிக்க முடியுமா என்று உள்ளே வரும்போதே ஒரு தம்பி கேட்டார். முடியும், ஆனால் முதல் சில வருடம் கல்யாணப் பத்திரிகையும் வடிவமைக்க வேண்டியிருக்கும், நான் அப்படித்தான் ஓட்டினேன். சரி, அதை விடுங்கள். 'எனக்கு நீச்சலே தெரியாதே' என்று தயங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன்.

1934 ஆகஸ்ட், பெர்முடா. ஐந்தடி விட்டம்கூட இல்லாத எஃகு உருண்டைக்குள் இயற்கை ஆய்வாளர் வில்லியம் பீபியும் பொறியாளர் ஓட்டிஸ் பார்ட்டனும் முடங்கிக்கொண்டு 3,028 அடி ஆழத்துக்கு இறங்கினார்கள். அந்த இருட்டில் கேமராவை நம்ப முடியாது. பீபி ஜன்னலில் கண்ணை வைத்தபடி டெலிபோனில் சொல்லச் சொல்ல, மேலே கப்பலில் அவருடைய உதவியாளர் குளோரியா ஹோலிஸ்டர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்புகளையும் மேலே வந்த பீபியின் வாய்மொழியையும் வைத்து, அந்த ஆழத்தைப் பார்த்தே இராத ஓவியர் எல்ஸ பாஸ்டல்மன் மீன்களை வரைந்தார். பல்லும் ஒளிப்பொட்டுமாக, இன்று பார்த்தாலும் முதுகு சில்லிடும். (கரையோரக் கடலில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியிலேயே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவரும் அவர்தான்.)

வம்பும் அங்கேதான். பீபி விவரித்த சில மீன்களை இன்றுவரை வேறு யாரும் பார்க்கவில்லை. வெறும் இரண்டு வரிக் குறிப்பாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டு நகர்ந்திருப்போம். ஒவ்வொரு துடுப்பையும் வரைந்து காட்டிய பிறகு மனசு நம்பிவிடுகிறது.

என் கதைக்கு வருகிறேன். பாக் விரிகுடாவில் 2022இல் கடல்பசுவுக்கென்று (மீனவர்கள் ஆவுளியா என்பார்கள்) 448 சதுர கிலோமீட்டரில் பாதுகாப்பகம் அறிவித்தார்கள் அல்லவா, அதற்கு அப்புறம் நானும் ஆர்வத்தில் ஒரு சுவரொட்டி வரைந்தேன். இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து வரைந்தது; கடற்புல், வெளிச்சம் எல்லாம் அருமையாக வந்திருந்தது. கரையில் ஒரு மீனவப் பெரியவரிடம் பெருமையாக நீட்டினேன். "இது எந்தக் கடல் ஆவுளியா தம்பி?" என்றார். வால் துடுப்புக்கட்டை மாதிரி உருண்டையாக இருந்தது. அது கடல்பசுவின் உறவுக்காரரான, அமெரிக்கப் பக்கத்து மானட்டியின் வால். நம் ஆவுளியாவுக்கு ஓங்கில் (டால்பின்) மாதிரி பிளந்த வால். கடல் உயிரியல் படித்த நண்பர்கள் நாலு பேர் பார்த்து 'சூப்பர்' போட்ட படம் அது!

அன்றைக்கு ராத்திரியே வாலை மாற்றி வரைந்து, காலையில் மறுபடி கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "வால் சரி," என்றார், "மீசை எங்கே?"