துவரங்குறிச்சியில் தொலைந்த நட்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நண்பர்களோடு நெடுந்தூரம் போவதில் இன்பம் ரயிலிலா, காரிலா என்பது இன்றைய வழக்கு. நான் காரின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "எழும்பூரில் மாலையில் ஏறிப் படுத்தால் விடியும்போது கன்னியாகுமரி" என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பிறகுதான் உறைத்தது: சுமார் 700 கிலோமீட்டர் தமிழ்நாட்டை இவர் போர்வைக்குள்ளேயே கடந்திருக்கிறார். மணப்பாறை வந்தபோது இவருக்குக் குறட்டை வந்திருக்கிறது. முறுக்கு போயிற்று!

அதே கன்னியாகுமரிக்கு நாங்கள் நால்வர் காரில் போனோம். உச்சி வெயிலில் சென்னையை விட்டோம். இருட்டும் நேரத்தில் விராலிமலையில் தேநீர். முருகனுக்குச் சுருட்டு படைக்கிற ஊர் அது. தெய்வமே சுருட்டு பிடிக்கிறது, நம்மை மட்டும் வீட்டில் திட்டுகிறார்களே என்று ஒருவன் புலம்பிய புலம்பல் துவரங்குறிச்சி வரை ஓயவில்லை. அங்கே டயர் பஞ்சரானதும்தான் ஓய்ந்தது.

ஸ்டெப்னியை இறக்கினோம். அதிலும் காற்று இல்லை. ஒருவன் அலைபேசி வெளிச்சம் பிடித்தான், ஒருவன் ஜாக்கியை மிதித்தான், ஒருவன் கழற்றிய ஐந்து நட்டுகளையும் பத்திரமாக ஒரு துண்டில் வைத்தான். கை துடைக்க அந்தத் துண்டை எடுத்து உதறியவன் நான். நான்கு கிடைத்தன. ஐந்தாவதைத் தேடி நான்கு பட்டதாரிகள் தார்ச்சாலை ஓரம் தவழ்ந்தோம். அந்த வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் நிறுத்தி, சிரித்து முடித்துவிட்டு, டயரோடு எங்களில் ஒருவனையும் ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடையில் இறக்கிவிட்டார். மதுரை வரை நான்கு நட்டோடு ஊர்ந்தோம். அந்த இரவைச் சொல்லி நாங்கள் சிரிக்காத கல்யாண வீடு இல்லை. ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானதைச் சொல்லி யாராவது சிரித்திருக்கிறார்களா?

இரவுப் பயணம் ஆபத்து என்றார் எதிரணியில் ஒருவர். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மதுரையில் தங்கினோம். தூக்கக் கலக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடிப்பவன் நண்பனே அல்ல.

அடுத்து, நான் சொல்ல வந்ததே இதுதான். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச வேண்டும். பக்கத்து இருக்கைக்காரரும் காது கொடுப்பார். காரில் எல்லோர் கண்ணும் சாலையில் இருக்கும். முகம் பார்க்க வேண்டாம் என்றால் வாய் தானாகத் திறக்கிறது. மறுநாள் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கினோம், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய். இரண்டு பக்கமும் கரிசல் காடு. முன்னிருக்கையில் இருந்தவன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "எனக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்றான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அவன் தோளில் நின்றது, அவ்வளவுதான்.

கயத்தாறு பெயர்ப்பலகை வந்ததும் அவனே மௌனத்தைக் கலைத்தான்: "என்னை வேலையை விட்டுத்தானேடா தூக்கினார்கள். இங்கே 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலேயே போட்டார்கள். வண்டியை நிறுத்து, தேநீர் குடிப்போம்."

இறங்கிக் குடித்தோம். வீட்டில் எப்படிச் சொல்வது என்று அந்தக் கடைப் பெஞ்சிலேயே முடிவாயிற்று. இப்படி நினைத்த இடத்தில் நிறுத்த, ரயிலில் சங்கிலியைத்தான் இழுக்க வேண்டும். அபராதமும் கட்ட வேண்டும்.

முப்பந்தல் காற்றாலைகளைப் பற்றியும் சொல்லலாம் என்றிருந்தேன். நடுவர் கை மணியை நோக்கிப் போகிறது. எதிரணித் தலைவர் அடுத்த முறை எங்களோடு வரட்டும், ஐந்தாவது இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று நானே பார்த்துவிடுகிறேன். துண்டை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.