பெட்டியடியும் பரேடு மைதானமும்

(செட்டிநாட்டுப் பள்ளி ஒன்றின் விழாவில், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் மாணவர்கள், பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாசலில் என்னை நிறுத்தினாள். "ஐயா, எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும், ராணுவமும் பிடிக்கும். ராணுவ அகாடமியில் இன்ஸ்டிரக்டராகச் சேர எங்கே விண்ணப்பம் போட வேண்டும்?" என்று கேட்டாள். "அதற்கு விண்ணப்பம் இல்லையம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடைக்கு வந்துவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. மிச்சப் பதிலை உங்கள் எல்லோர் முன்னாலும் அவளுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் ஐயா, அதாவது அப்பச்சி என்று நாங்கள் அழைக்கும் தந்தையைப் பெற்றவர், பதின்மூன்று வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாக, சேர்ந்தார். பேரேடு எழுதுவதும், வட்டி கணக்கிடுவதும், ஐந்தொகை எடுப்பதும், கடன் கேட்டு வருகிறவர் பேசும்போது எதைக் கவனிப்பது என்பதும் அவருக்கு அந்தக் கடையின் அடுத்தாள், அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் இருந்தவர், கற்றுக்கொடுத்தவை. அந்த அடுத்தாளும் பெட்டியடியிலிருந்து ஏறி வந்தவர். ஏஜெண்டு மூன்று ஆண்டுக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் போவார். இதற்கென்று வெளியிலிருந்து ஒரு வாத்தியாரை யாரும் ரங்கூனுக்குக் கப்பல் ஏற்றவில்லை. கணக்கில் தவறினால் கடை போய்விடும் என்று அறிந்தவர்தான் அடுத்த பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ராணுவம் தன் பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பதும் ஏறத்தாழ இப்படித்தான். அகாடமியில் சீருடையோடு பாடம் நடத்துகிற அதிகாரிக்கு அது தனி உத்தியோகம் அல்ல. இரண்டு மூன்று ஆண்டுக்கு அங்கே அனுப்பப்படுகிறார். முடிந்ததும் தன் படைக்குத் திரும்புகிறார்.

முதலில் அவர் அதிகாரியாக வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்கள் தேர்வெழுதி புனே அருகே கடக்வாசலாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் போகலாம். பட்டதாரிகள் டேராடூனுக்கோ, நம் சென்னைப் பரங்கிமலை அகாடமிக்கோ போகலாம். கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், கிடைத்துத் தோளில் இரண்டு நட்சத்திரம் ஏறியதும் லெப்டினன்ட் போகுமிடம் படைப்பிரிவு. கையில் முப்பது முப்பத்தைந்து சிப்பாய்கள். அவர்களோடு சாப்பிட்டு, அவர்களோடு காவல் நின்று, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் ஊரில் மழை பெய்யவில்லை என்பதுவரை அறிந்திருக்க வேண்டும். இந்த ஆண்டுகளுக்கு மாற்றாக எந்தப் பட்டமும் கிடையாது.

இடையே அந்தந்தப் படைக்குரிய பள்ளியில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி நடக்கும். ஒய்.ஓ. கோர்ஸ் என்போம். பீரங்கிப் படைக்குத் தேவ்லாலி, டாங்கிப் படைக்கு இன்று அகில்யாநகர் எனப்படும் அகமத்நகர், காலாட்படைக்கு மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ். டாக்டர் அம்பேத்கர் பிறந்த அதே மாவ்தான். அவருடைய தந்தையார் ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். அங்கே பயிற்சிக்குப் போனபோது அதை நினைத்து நான் நெஞ்சு நிமிர்ந்ததுண்டு.

பயிற்சி முடிவில் தரம் இடுவார்கள். தேர்ச்சி பெற்றவர் வேறு, பிறருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தகுந்தவர் வேறு. இந்த இரண்டாவது வகையினருக்கு 'இன்ஸ்டிரக்டர் கிரேடிங்' என்ற தரம் உண்டு. கேப்டன் விக்ரம் பத்ரா 1999 தொடக்கத்தில் பெல்காமில் கமாண்டோ பயிற்சி முடித்தபோது அந்தத் தரத்தைப் பெற்றார். அதே ஆண்டு ஜூலை 7 அன்று கார்கிலில் உயிர் நீத்தார். வயது 24. பரம்வீர் சக்ரா அவருக்குக் கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அவரிடம் பாடம் கேட்டிருக்க வேண்டிய பிள்ளைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தரம் மட்டும் போதாது. ஒவ்வோர் அதிகாரியைப் பற்றியும் ஆண்டுதோறும் மேலதிகாரிகள் ரகசிய அறிக்கை எழுதுகிறார்கள். தில்லித் தலைமையகத்தில் மிலிட்டரி செக்ரட்டரி கிளை என்று ஒன்று உண்டு. அதிகாரிகளின் மாறுதல் உத்தரவுகள் அங்கிருந்துதான் புறப்படும். யார் எந்தக் களத்தில் இருந்தார், பயிற்சிகளில் என்ன தரம், அறிக்கைகள் என்ன சொல்கின்றன, உடல்தகுதி எப்படி, நடத்தையில் குறை உண்டா என்று பார்த்து, அகாடமிக்கு அனுப்புகிறார்கள். விருப்பத்தைத் தெரிவிக்கலாம். ஆனால் உத்தரவு வருவது, நாம் கேட்டதற்காக அல்ல. நாம் இருந்த விதத்துக்காக. பெரும்பாலும் அப்போது அவர் கேப்டனாகவோ மேஜராகவோ இருப்பார். கமிஷன் பெற்று இரண்டாம் ஆண்டில் கேப்டன், ஆறாம் ஆண்டில் மேஜர் என்பது இன்றைய கணக்கு.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். நல்ல அதிகாரியை விட்டுக்கொடுக்கக் கமாண்டிங் ஆபீசருக்கு மனம் வராது. "இவன் போனால் என் கம்பெனியை யார் பார்ப்பது?" என்பார். அதிகாரிகளிலும் சிலர், "பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால் களம் போய்விடும்" என்று தயங்குவார்கள். வாத்தியார் வேலை இரண்டாம்பட்சம் என்கிற நினைப்பு நம் வீடுகளில் இருப்பதுபோல் அங்கேயும் சில நெஞ்சங்களில் இருக்கிறது. அந்த நினைப்பு எனக்கு எப்போதுமே வலிக்கும்.

1942-ஐ நம் குடும்பங்கள் மறக்கவில்லை. ஜப்பானியப் படை வந்து, பேரேடுகளையும் நெல்வயல்களையும் அப்படியே போட்டுவிட்டு, நம்மவர்கள் பலர் பர்மாவிலிருந்து காட்டுவழி நடந்தே வந்தார்கள். என் ஐயாவும் அப்படித்தான் வந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் அதே நாட்டில் சித்தாங் ஆற்றருகே ஓர் இளம் கேப்டன் வயிற்றில் குண்டுகள் பாய்ந்து விழுந்தார். பிழைப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. பிழைத்தார். அவர்தான் சாம் மானெக்‌ஷா. 1932-இல் டேராடூன் அகாடமி தொடங்கியபோது சேர்ந்த முதல் 40 பேரில் ஒருவர். பிற்காலத்தில் அவரை ராணுவம் எங்கே வைத்தது? மாவ் காலாட்படைப் பள்ளிக்குத் தலைவராக வைத்தது. பிறகு நம் நீலகிரியில் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குத் தலைவராக வைத்தது. 1971 போரை நடத்திய தளபதி, அதற்குமுன் இரண்டு பள்ளிகளை நடத்தியவர். இதற்குமேல் நான் என்ன வாதாட வேண்டும்?

அகாடமிக்குப் போய்ச் சேர்ந்தவுடன் பயிற்றுநர் மறுபடியும் மாணவர் ஆகிறார். வகுப்பு எடுக்குமுன் மூத்தவர்கள் முன்னால் அதே பாடத்தை ஒத்திகை பார்க்க வேண்டும். விளக்கு, செய்துகாட்டு, செய்யவை என்பது ராணுவப் பாடத்தின் அடிப்படை. தரையில் மணலைக் குவித்து மலையும் ஓடையும் பாலமும் செய்து, "எதிரி இங்கே, நீ இங்கே, இப்போது மணி நான்கு, என்ன செய்வாய்?" என்று கேட்பார். அதற்குப் பெயர் சாண்ட் மாடல். அங்கே தவறாகப் பதில் சொன்னால் மணல்தான் கலையும்.

அவருக்கு வலதுகையாக நிற்பவர்கள் உஸ்தாத்கள். ஹவில்தார், சுபேதார் நிலையில் இருப்பவர்கள்; டிரில், ஆயுதம், உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர்கள். மாதக்கணக்கில் மைதானத்தில் கேடட்டை, அதாவது பயிற்சி மாணவனை, உருட்டி எடுக்கும் உஸ்தாத், அவன் அதிகாரியாகி வெளியே வரும் நாளில் விறைத்து நின்று அவனுக்குச் சல்யூட் அடிப்பார். பரங்கிமலையில் அந்த அணிவகுப்பு நடக்கும் இடத்துக்குப் பரமேஸ்வரன் டிரில் சதுக்கம் என்று பெயர். அங்கேயே பயிற்சி பெற்று 1987-இல் இலங்கையில் வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர்.

பயிற்றுநருக்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு என்று பாருங்கள். அருண் கேதர்பால் 1971 ஜூனில் டேராடூனில் கமிஷன் பெற்றார். அகமத்நகரில் ஒய்.ஓ. கோர்ஸில் இருக்கும்போதே போர் மூண்டது. டிசம்பர் 16 அன்று பசந்தர் களத்தில், எரிந்துகொண்டிருந்த டாங்கியைவிட்டு இறங்க மறுத்து மடிந்தார். வயது 21. அகாடமி வாசலுக்கும் அந்த டாங்கிக்கும் இடையே ஆறே மாதம்.

இனி என் கதை. இதை நான் மேடையில் சொன்னதில்லை.

நான் ஓர் அகாடமியில் பிளாட்டூன் கமாண்டராக இருந்தபோது கேடட்டுகளுக்கு இரவு நடைப் பயிற்சி கற்பித்தேன். வரைபடத்திலிருந்து திசைக்கோணத்தை எடுத்து, காம்பஸ் என்ற திசைகாட்டியில் வைத்து, காலடிகளை எண்ணிக்கொண்டே இருட்டில் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, புறப்பட்ட இடத்தைத் திரும்பிப் பார்த்துக் கோணம் அளக்க வேண்டும். பேக் பேரிங் என்போம், பின்திசைக் கோணம். போன கோணத்துக்கும் இதற்கும் சரியாக 180 பாகை வித்தியாசம் இருந்தால் வழி சரி. அந்தப் பருவத்தில் மழையால் நாட்கள் வீணாகிவிட்டன, தேர்வு நெருங்கிவிட்டது. கேடட்டுகள் ஒவ்வொரு கட்டத்திலும் நின்றால் நேரத்துக்குள் முடிக்க மாட்டார்கள் என்று தோன்றியது. "சந்தேகம் வந்தால் மட்டும் பின்கோணம் பாருங்கள்" என்று சொன்னேன். எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள். எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு மலைப்பகுதியில் ஒரு முகாமில் இருந்தேன். அந்தக் கேடட்டுகளில் ஒருவர் அங்கே லெப்டினன்டாக வந்து சேர்ந்தார். அவரை வரவேற்றபோது எனக்கு இருந்த பெருமையை இன்றும் சொல்லி முடியாது. ஒரு மாலை ரோந்துக்குப் பத்துப் பேரை அழைத்துப் போனார். இரவு ஒன்பதுக்குத் திரும்ப வேண்டியவர்கள் பத்து மணிக்கும் வரவில்லை. பனிமூட்டம். வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும். ஒரு மணிக்குப் பிறகுதான் வந்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் தவறி இறங்கிவிட்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருவரின் கால்விரல்கள் மட்டும் விறைத்து நிறம் மாறியிருந்தன, சூடேற்றிக் காப்பாற்றினோம்.

"மேட்டின்மேல் நின்றபோது நம் முகாம் தெரிந்ததா?" என்று கேட்டேன்.

"தெரிந்தது, சார்."

"பின்கோணம் பார்த்தீர்களா?"

"இல்லை, சார். சந்தேகம் வரவில்லை."

என் வார்த்தைகள். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை மாறாமல் அப்படியே வைத்திருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. மறுநாள் காலை பத்துப் பேரையும் உட்காரவைத்து, தவறு யாருடையது என்று சொன்னேன். ஜவான்கள் முன்னால் அதைச் சொல்வது கடினமாகத்தான் இருந்தது. லெப்டினன்ட் தலைகுனிந்து அழுதார்.

களம் கண்டவரையே ராணுவம் பயிற்றுநராக அனுப்புவதன் காரணம் அன்றுதான் எனக்கு எலும்புவரை உறைத்தது. படைக்கே அவரைத் திருப்பி அனுப்புவதன் காரணமும் அன்றுதான் உறைத்தது. தான் கற்றுக்கொடுத்தது எங்கே போய் நிற்கிறது என்பதை அவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும்.

வாசலில் கேட்ட பிள்ளைக்கு வேறு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். பாடம் சொல்லிக்கொடுப்பதையே முதன்மையாகக் கொள்ள நினைத்தால் ராணுவக் கல்விப் படை இருக்கிறது. 1921-இல் தொடங்கியது, முதுகலைப் பட்டதாரிகளை அதிகாரிகளாக எடுக்கிறது. சீருடையே வேண்டாம் என்றால் கடக்வாசலாவில் இயற்பியலும் வரலாறும் நடத்தும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களை மத்தியப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது. இன்னும் உயரத்தில் வெலிங்டன். அங்கே படித்துச் சிறந்தவர்களில் சிலர் பின்னர் டைரக்டிங் ஸ்டாஃப் என்ற பயிற்றுநர்களாகி மேஜர்களுக்கே பாடம் நடத்துகிறார்கள்.

ஆச்சிமார்களே, பெண் பிள்ளையாயிற்றே என்று தயங்க வேண்டாம். பரங்கிமலையில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். கடக்வாசலாவின் கதவு 2022-இல் திறந்தது. 2025 மே மாதம் அங்கிருந்து முதல் 17 பெண்கள் வெளியே வந்தார்கள். காலாட்படை அவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. சிக்னல்ஸ், பொறியாளர் படை இருக்கின்றன. 2023 முதல் பீரங்கிப் படையும் இருக்கிறது. அங்கே நல்ல பெயர் எடுத்தால் அகாடமி தேடி வரும். வீட்டில் கேட்டால் நானே வந்து அப்பச்சியிடமும் ஆத்தாளிடமும் பேசுகிறேன்.

நேரமாகிவிட்டது, அடுத்து பரிசளிப்பு இருக்கிறது. அம்மா, நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய்? அதோ. என் பையில் பழைய காம்பஸ் ஒன்று இருக்கிறது. விழா முடிந்ததும் மைதானத்துக்கு வா. கொடிக்கம்பத்தடியிலிருந்து கோயில் கோபுரத்துக்குக் கோணம் எடு. மைதானத்தின் அந்தக் கோடிவரை நட, நின்று திரும்பிக் கொடிக்கம்பத்தைப் பார்த்துப் பின்கோணம் அளந்து எனக்குச் சொல். மூன்று முறை சரியாக வந்தால், இந்த முன்வரிசை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லிக்கொடு. நான் பக்கத்தில் நிற்கிறேன்.