காந்தம் இல்லாம மோக்கா பாட் வாங்கப் போகாதீங்க!

வணக்கம் மக்களே! இந்தா பாருங்க, வந்துருச்சு மோக்கா பாட், அடுப்புல வச்சு காப்பி இறக்குற பாத்திரம். முழு எவர்சில்வர்!

போன வீடியோவுக்கு கமெண்டுல பாதிப் பேரு "அக்கா, கேப்சூல் மெஷின் வாங்குங்க, பட்டன தட்டுனா போதும்"னு போட்டிருந்தீங்க. எனக்கு அது வேணவே வேணாம். கேப்சூல்ங்கிறது காப்பித்தூள் அடைச்ச குட்டி டப்பா, ஒண்ணுக்குள்ள 5, 6 கிராம் தூளுதான். நான் குடிக்கிற டம்ளர் பாலுக்கு அது எப்படிக் காணும்? டிரிப் மெஷினும் பிடிக்காது. இறக்குன காப்பியை சூட்டுத் தட்டுல வச்சு வச்சு கசக்க விட்டுரும். நம்ம சிங்கப்பூர் கோப்பிக்கடை கோப்பி வேற ரகம். கொட்டையை சீனி, மார்ஜரின் போட்டு வறுத்து துணிப்பையில வடிப்பாங்க. அதை வீட்டுக்குக் கீழ இருக்கிற கடைக்கே போய்க் குடிச்சாத்தான் ருசி.

சரி, கடைக் கதைக்கு வர்றேன். தேக்கா பக்கம் ஒரு கடை, பேரு வேணாம். வரிசையா அலுமினிய பாட். "இன்டக்‌ஷன் அடுப்புல ஓடுமா?"ன்னு கேட்டா, "எல்லா அடுப்புலயும் ஓடும்மா"ங்கிறாரு. நான் பையில இருந்து ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்து அடியில வச்சேன். பொத்துனு விழுந்துச்சு! பியாலெட்டிங்கிறவரு 1933ல இத்தாலியில இந்த மோக்கா பாட்டை முதல்ல கொண்டு வந்ததும் அலுமினியத்துலதான், கேஸ் அடுப்புக்கு அருமையான சாமான். இன்டக்‌ஷன் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது, காந்தம் ஒட்டுற பாத்திரம்தான் அதுல சூடாகும். தெரியாம எத்தனை பேரு வாங்கிட்டுப் போயிருப்பாங்க? எனக்குக் கோவமே வந்துருச்சு.

அடுத்த கடையில இது. டக்குனு ஒட்டுச்சு காந்தம்! விலை 49 வெள்ளி 90 காசு, வெள்ளின்னா சிங்கப்பூர் டாலர். ஆன்லைன்ல இதே பாட் 46 வெள்ளின்னு காட்டுச்சு. ஆனா அது வெளிநாட்டுல இருந்து வருது. 400 வெள்ளிக்கு உள்ள இருக்கிற சாமானுக்கும் 2023ல இருந்து ஜிஎஸ்டி உண்டு, இப்ப 9 சதவீதம். போட்டுப் பாருங்க, 50 வெள்ளி 14 காசு! கடையில வாங்குனதுல 24 காசு லாபம். டெலிவரி காசு இன்னும் சேர்க்கவே இல்ல. வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு தடவை கணக்குப் போட்டுக் காமிச்சேன்.

ஆங், ஒண்ணு விட்டுப்போச்சு. காந்தம் ஒட்டுனா மட்டும் பத்தாது. அடிப்பாகம் ரொம்பச் சின்னதா இருந்தா சில அடுப்பு பாத்திரம் இருக்குன்னே ஒத்துக்காது. அதான் 6 கப் அளவு எடுத்தேன். ஒரு கப்புன்னா 50 மில்லி மாதிரிதான், பயந்துராதீங்க.

இப்ப போடுறோம். சுடுதண்ணி, அடிப்பாகத்துல இந்த வால்வுக்குக் கீழ வரைக்கும். நடுவுல இருக்கிற சல்லடைக் கிண்ணத்துல தூளை நிரப்பி மட்டமா தட்டிவிடுங்க, ஃபில்டர்ல அமுக்குற மாதிரி அமுக்கவே கூடாது. சிக்கரி கலந்த நைஸ் தூளா இருந்தா அடைச்சுக்கும், அதனால அரைக்கிற இடத்துல கொஞ்சம் கொரகொரப்பாக் கேட்டு வாங்குங்க. சூடு கம்மியா. மூடியைத் திறந்தே வைங்க... வருது பாருங்க, தேன் கலர்ல! களகளன்னு சத்தம் வந்ததும் இறக்கிரணும். விட்டா கசப்புதான்.

உங்க வீட்டுல என்ன அடுப்புன்னு கமெண்டுல போடுங்க, எந்த அளவு பாட் சரியா வரும்னு சொல்றேன். பால் பொங்குது, வர்றேன்!